செக்கர் அத்தானின் இடுப்பெலும்பு

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதில் எனக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அவருக்கு யாரையுமே பிடிக்காது.

பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் செக்கர் என்றே சொல்வார்கள். சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் பார்வையைக் கழற்றிக் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், காசு கொடுக்காமல் ஜன்னலோரம் தூங்குவதுபோல் நடிக்கும் ஆளைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்ப்பார். தலைவலி என்றால் நடிப்பு. காய்ச்சல் என்றால் நடிப்பு, கொஞ்சம் சூடு சேர்த்து. என் மாமனார் மாரடைப்பில் போனபோதுகூட, "நேத்து நல்லாதானே பேசிட்டிருந்தார்?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார்.

அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒரு மழைக்காலத்தில் அலுவலகப் படிக்கட்டில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறதே என்று டாக்டர் சோதனை எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. வாரம் ஒரு எலும்பு மாத்திரையும், தினம் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்தவளிடம் அத்தான் கேட்டது இதுதான்:

"கைதானே? நடக்கறதுக்கு அது எதுக்கு?"

சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. "வாயில போட்ட சுண்ணாம்பு எலும்புல போய் ஒட்டுமா? அது என்ன சுவரா? எலும்பு கரையறதெல்லாம் பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி. ஆம்பளைக்கு எலும்பு இரும்பு."

அக்கா பதில் சொல்லமாட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட பெரிய கலை, அவர் பேசும்போது வேறு எதையாவது யோசிப்பது.

இந்த இரும்பு மனிதருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பேண்டை நின்றபடியேதான் போடுவார். கட்டிலில் உட்கார்ந்து போடுகிறவன் பாதி மனுஷன் என்பது அவர் கட்சி. நான் ஒருமுறை அவர் வீட்டில் தங்கியபோது உட்கார்ந்து போட்டதைப் பார்த்துவிட்டு, "ஊட்டி விடவும் ஆள் வேணுமா மச்சான்?" என்று கேட்டார். அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

ஒரு காலையில் அப்படித்தான் ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பேண்டுக்குள் விட்டிருக்கிறார். பெருவிரல் உள்துணியில் மாட்டிக்கொண்டது. குதித்துக் குதித்துச் சமாளிக்கப் பார்த்தவர், மரம் சாய்வதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு தரையில் மோத விழுந்தார். சமையலறையில் இருந்து அக்கா ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தையக்காரன் சரியாத் தைக்கல."

எழுந்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எழுந்திருக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருப்போம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், இரண்டு அடி வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார்.

வலி தொடையிடுக்கில் இருந்தது. அங்கிருந்து முட்டிவரை இறங்கியது. அவர் அதை முட்டி வலி என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மருந்துக்கடைக்கு அக்காவை அனுப்பி, முட்டியில் மாட்டும் இறுக்கமான உறையை வாங்கிவரச் சொன்னார். உடைந்தது ஓரிடம், கட்டுப் போட்டது இன்னோரிடம். குடையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். வெளியே வெயில் கொளுத்தும்போது ஒரு மனிதர் கூடத்தில் குடையோடு நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

"நீயாவது வந்து சொல்லுடா. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்னு சொன்னா என்னை முறைக்கிறாரு."

போனேன். சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏன் மச்சான், எலும்பு முறிஞ்சவன் நடப்பானா? நான் நடக்கிறேன்ல? உனக்கு மூளை இருந்தா யோசி. இல்லேன்னா உங்க அக்காகிட்ட மாத்திரை வாங்கிப் போடு."

அதற்கப்புறம் ஒரு வாரம் கழிந்திருக்கும். மறுபடியும் போயிருந்தேன். சமையலறைத் தொட்டியில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவர், நான் செருப்பை வாசலில் ஒழுங்காக விடவில்லை என்று திட்டுவதற்காகச் சட்டென்று திரும்பினார். பாதம் தரையிலேயே இருந்தது. உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ விட்டுப்போனது அவர் முகத்தில் தெரிந்தது. இந்த முறை சாயவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தார். டம்ளர் மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, யாரோ கழற்றி வைத்த செருப்புபோல. தூக்கப்போன என்னை அக்கா தடுத்தாள்.

"தொடாதடா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

வந்த ஆட்களுக்கு, ஸ்ட்ரெச்சரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே போனார். வலியில் நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் வாய்க்கு வலி ஏறவில்லை.

எலும்பு டாக்டர் இளம் பெண். அத்தான் அவளைப் பார்த்ததும், "பெரிய டாக்டர் இல்லையா?" என்றார்.

"நான்தான் ஆபரேஷன் பண்ணப்போறேன். பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் நான்தான்" என்றாள் அவள், எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் செருகிக்கொண்டே. "தொடை எலும்போட மேல் முனையில பந்து மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது இடுப்புக் குழியில சுத்தும். அந்தப் பந்தைத் தாங்கற கழுத்து முறிஞ்சிருக்கு. எப்ப விழுந்தீங்க?"

அக்கா சொன்னாள். டாக்டர் படத்தை விட்டுத் திரும்பினாள்.

"அத்தனை நாள் நடந்தீங்களா?"

"முறிஞ்சிருந்தா எப்படி நடப்பேன்? இன்னிக்குத்தான் முறிஞ்சிருக்கு" என்றார் அத்தான், வழக்கு ஜெயித்த குரலில்.

"அன்னிக்கே முறிஞ்சிடுச்சு. சிலருக்கு ரெண்டு துண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு குத்திக்கிட்டு நிக்கும். நடக்கக்கூட முடியும். வலி முட்டியிலதான் தெரியும், ஏமாத்திடும். அப்பவே வந்திருந்தா ரெண்டு மூணு ஸ்க்ரூ போட்டு உங்க எலும்பையே காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப துண்டு விலகிடுச்சு. பந்துக்குப் போற ரத்தக்குழாயும் அறுந்துருக்கும். இனிமே அதை எடுத்துட்டு உலோகப் பந்து வைக்கணும்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்த மாதிரி இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து, அந்த முட்டி உறையை எடுத்து, கட்டில் பக்கத்து மேஜையில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரைத் திட்டி நான் பார்த்தது அதுதான்.

அன்று மாலையே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் அத்தானின் அண்ணன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே தனக்கும் பாதி டாக்டர் பட்டம் வந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

"இந்த வயசுல எதுக்குடா கத்தி? பேசாம வீட்டுல படு. எலும்பு தானா கூடிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆறு மாசம் அசையாம படுத்தார்."

"இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார் அத்தான்.

"அவர் போய்ச் சேர்ந்துட்டார். அது வேற விஷயம்."

அத்தான் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். "எப்ப ஆபரேஷன்?" என்றார். அவளிடம் நம்பிக்கை வந்து கேட்கவில்லை. அண்ணன் சொல்லி எதையும் செய்ததில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்டார். இதை நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் உயிர் பிழைப்பதற்கு இதைவிட மட்டமான காரணத்தை நான் கண்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். அவருக்கும் அதே முறிவு. காலில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். மென்மையான மனிதர். நர்ஸ் தண்ணீர் கொடுத்தால்கூடக் கும்பிடுவார். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவ்வளவு பாசம், அப்பா தும்மினால் மூன்று கைக்குட்டைகள் நீளும்.

"சார், உங்க பேண்ட்ல விரல் மாட்டுச்சுன்னு சொன்னாங்களே, உள்தையல் பிரிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போனதும் குடுத்து விடுங்க, அடிச்சுத் தர்றேன்" என்றார் அவர்.

"முதல்ல எழுந்து உட்காருங்க, அப்புறம் தைக்கலாம்" என்றார் அத்தான். அவருடைய அகராதியில் இது கொஞ்சல்.

அந்தப் பிள்ளைகள் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. டாக்டர் அவர்களை ஜன்னலோரம் நிறுத்திப் பேசியது எங்கள் காதிலும் விழுந்தது.

"ஆபரேஷனுக்குப் பயந்து படுக்கையில போடறீங்க. இந்த வயசுல படுக்கைதான் பெரிய ஆபத்து. நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், முதுகுல புண் வரும். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எழுப்பி நிக்க வைக்கணும். அதுதான் வைத்தியம்."

"அப்பா வலி தாங்கமாட்டார் டாக்டர்" என்றான் மூத்தவன், கண் கலங்க. "வீட்டுல வெச்சுப் பூ மாதிரி பாத்துக்கறோம்."

தையல்காரரிடம் யாரும் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் கேட்டாள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "அவங்க சொல்றபடியே செய்யுங்கம்மா" என்றார்.

அத்தானுக்கு மறுநாளே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் மயக்கம் தெளிந்தவர் வேறு ஆளாக இருந்தார். மதியம் பூராவும் வார்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்து, "டிக்கெட்! டிக்கெட்!" என்று அதட்டினார். ஊசி போட வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஸ்டாப்ல இறங்கு" என்றார். நான் டாக்டரைத் தேடி ஓடினேன். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வரும், பெரும்பாலும் தெளிந்துவிடும், மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள் டாக்டர்.

அக்கா கண்ணாடியை மாட்டிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிக்கெட்" என்றார் அவளிடம்.

அவள் பிஸ்கட் உறையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்து டிக்கெட்" என்றார். "ஏமாத்தறியா?"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பழைய செக்கர் பார்வை திரும்பிவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "சவரம் பண்ணலையா?" என்றபோது ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்தது. அன்றைக்கே எழுப்பி நிறுத்தினார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பையன் நான்கு கால் நடைச்சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"இது என்ன, குழந்தை நடைவண்டியா?"

"ஆமா சார். பிடிச்சுக்கங்க."

முதல் அடியில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அண்ணனின் குரல் வந்தது. "பாவம், படுக்க வைங்கப்பா. ரெஸ்ட் குடுங்க."

அவ்வளவுதான். இரண்டாவது அடி வைத்தார். அண்ணன் பாவம் என்று சொல்லச் சொல்ல நடந்தார். என் அத்தானை நடக்க வைத்தது வைராக்கியம் என்று அப்புறம் ஊரில் சொன்னார்கள். வைராக்கியமாவது ஒன்றாவது. தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒவ்வொரு ஆளையும் காலால் எட்டி உதைப்பதாக நினைத்துக்கொண்டுதான் நடந்தார். பயிற்சிப் பையனுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. கால் முன்னே போனால் போதும்.

அந்த வாரமே தையல்காரரை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தலையணை கீழே, ஒன்று பக்கத்தில், ஒன்று காலடியில். போகும்போது அத்தானைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தான் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

வீடு திரும்பிய பிறகு எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கச் சொன்னாள் டாக்டர். நின்ற உயரத்தில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்தால், எலும்பு பலவீனம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். முடிவு வந்தது. இரும்பு மனிதரின் எலும்பு, அக்காவின் எலும்பைவிட மோசம்.

"மிஷின் கோளாறு" என்றார்.

அக்காவுக்குக் கொடுக்கும் அதே எலும்பு மாத்திரையை டாக்டர் அவருக்கும் எழுதினாள். வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக்கூடாது, டீகூடக் கூடாது. நிமிர்ந்தே இருக்க வேண்டும். அந்தக் காலைகளில் புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் இரண்டு நாற்காலியில் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பாள். அந்த அரைமணி நேரத்தை அவள் ரசித்து அனுபவிப்பதாக எனக்குத் தோன்றும்.

வீட்டில் கால்மிதிகளையெல்லாம் அக்கா சுருட்டி எடுத்தாள். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தாள். ஒரு நாற்காலியைத் துணி அலமாரி பக்கத்தில் போட்டாள். "இனிமே உட்காந்துதான் போடணும்" என்றாள். அவர் முறைத்தார். உட்கார்ந்தார்.

கைத்தடியோடு தெருமுனைவரை போய்வர ஆரம்பித்த சமயத்தில் தையல்காரர் இறந்த செய்தி வந்தது. நெஞ்சில் சளி. முதுகில் புண் வேறு இருந்ததாம். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டார். "போகணும்" என்றார். சாவுக்குப் போகிற வழக்கமே இல்லாதவர். ஆட்டோவில் நாங்கள் மூவரும் போனோம்.

வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். மூத்தவன் எங்களைப் பார்த்ததும் உடைந்து அழுதான்.

"கடைசிவரைக்கும் கட்டிலை விட்டு இறங்க விடல சார். பூ மாதிரி பாத்துக்கிட்டோம்."

அக்கா அத்தானின் முழங்கையைப் பிடித்தாள். பிரயோஜனமில்லை.

"பூ மாதிரி பாத்தீங்கல்ல? அதான் பூ மாதிரி வாடிட்டார்" என்றார் அத்தான், தெருவுக்கே கேட்கும்படி. "எழுப்பி நிறுத்தச் சொன்னா படுக்க வெச்சுக் கொன்னுருக்கீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?"

சின்னவன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். நாற்காலிகள் சாய்ந்தன. அக்கா நடுவில் புகுந்து, "வயசானவர், ஆபரேஷன் ஆன உடம்பு, விட்டுடுப்பா" என்று கெஞ்சினாள். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் போட்டேன். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவர் வீட்டில் பேசுகிற பேச்சா அது?

வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் வந்தபின், வெளியே பார்த்தபடி சொன்னார்:

"மூத்தவன் அழுதான் பாத்தியா மச்சான்? அது நடிப்பில்ல."



அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், ஆபரேஷன் செய்திருந்தால் தையல்காரர் பிழைத்திருப்பாரா என்று. உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஆபரேஷன் செய்தும் ஒரு வருஷத்துக்குள் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடுப்பு முறிவு அப்படிப்பட்டது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், வலியும் குறைந்திருக்கும் என்றாள். வீட்டில் இதைச் சொன்னேன். அத்தான் கேட்காததுபோல இருந்தார்.

இப்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறார். பூங்காவில் கிழவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தாண்டும்போது, "உட்காந்தே சாகுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். அவர்கள் பெஞ்சையே மாற்றிக்கொண்டார்கள். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. டாக்டரை மட்டும் யாராவது குறை சொன்னால் எகிறிக் குதிக்கிறார். அவளிடம் நேரில் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

போன வாரம் அக்காவிடம், இந்த மனிதர் ஏன் இப்படியே இருக்கிறார் என்று கேட்டேன். அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தா எல்லாரும் வந்து நல்ல மனுஷன்னு சொல்லியிருப்பாங்கடா" என்றாள். "பொழைச்சுட்டார். அந்த வாய்ப்பும் போச்சு."